மருந்தாய்வில் சேருவதா? கையெழுத்திடுமுன் கேட்டறிவோம்

(கொடும்பாளூர் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்ட பிறகு சில நிமிடங்கள் பேசுமாறு தலைவர் பணித்தார். வழக்கமான ஒரு பொருளைப் பேசிவிட்டு அமர்ந்திருக்கலாம். ஆனால், கடந்த ஆண்டு நான் செய்த ஒரு தவறு என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு நாள் மஃக்ரிபு தொழுகைக்குப் பின் நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் கையில் சில தாள்களோடு என்னிடம் வந்தார். நெடுநாள் நோயால் அவதியுறும் அவருடைய தகப்பனாரை, நகரத்து மருத்துவமனை ஒன்றில் புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்க்கலாம் என்று மருத்துவர் கூறியிருந்தாராம். தாள்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. "ஹஜ்ரத், இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். தாளைப் படிக்கவும் இல்லை, எவரிடமும் விசாரிக்கவும் இல்லை. "மனிதனை எலியாக்கும் வேலை நமக்கெதற்கு? வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறியாத ஒன்றைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அவர் வீட்டுக்கே சென்று, "நேற்று நான் சொன்னது அறிந்து சொன்னதல்ல, முடிவெடுக்கச் சில நாள் அவகாசம் கேளுங்கள்" என்றேன். அதன்பின் மருத்துவர்களிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைத்தான் இப்போது சொல்கிறேன்.

முதலாவதாக, மருந்தாய்வு என்பது நமக்கு அந்நியமான செய்தி அன்று. மருத்துவ மேதை அர்ராஸி அவர்கள் ஒரே விதமான நோய்க்குறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றியும், மறுசாராருக்கு அவ்வாறு செய்யாமலும் ஒப்பிட்டுப் பார்த்ததைத் தமது குறிப்புகளில் எழுதி வைத்தார்கள். இப்னு ஸீனா அவர்கள் தமது அல்கானூன் நூலில், மருந்தைச் சோதித்தறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார்கள். சோதனை மனித உடலிலேயே நடைபெற வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட விளைவு மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது என்பது அவற்றுள் ஒன்று. நாம் இன்று விழுங்குகின்ற ஒவ்வொரு புதிய மாத்திரைக்குப் பின்னாலும், அதை நமக்கு முன்பே உட்கொண்டு பார்த்த யாரோ சிலர் இருக்கிறார்கள்.

அத்தகையோர் நமது தமிழ் மண்ணிலும் இருந்தார்கள். 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அதை நடத்தின. காசநோய் கண்டவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்தாக வேண்டும் என்பதே அக்காலத்தின் நம்பிக்கை. ஏழைக்கு அங்கே படுக்கை எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும், சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்நிலையில் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவர்களுடைய நெரிசலான வீடுகளிலும் அதே மருந்துகளை ஓராண்டு காலம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 92 பேரும், வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேரும் நல்ல குணம் கண்டிருந்தனர். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய்த்தொற்று அதிகமாகவில்லை என்பதும் தெரியவந்தது. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. இன்று நம்மூர்க் காசநோயாளி தம் வீட்டில் இருந்தபடியே மாத்திரை உட்கொள்கிறார் என்றால், பெயர் தெரியாத அந்த 193 பேருக்கும் அதில் பங்குண்டு. அம்மையமே இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கி வருகிறது. மதுரையிலும் அதன் பிரிவு உண்டு.

எல்லா ஆய்வும் இவ்வாறு நற்செய்தி தருவதில்லை. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை இலட்சக்கணக்கான மக்களிடம் ஆய்வு செய்து, 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் தடுக்க அது உதவவில்லை என்பதே முடிவு. இல்லை என்ற விடையும் ஓர் அறிவுதான். ஆனால், அவ்விடைக்காக உடலைக் கொடுத்தவர்களுக்கு நேரடிப் பலன் ஏதுமில்லை. ஆய்வில் சேருவோர் இதனை மனதில் இருத்த வேண்டும். ஆய்வு என்பது உறுதியான சிகிச்சை அன்று. உங்களுக்குப் புதிய மருந்து கிடைக்கலாம். பழைய மருந்தே கிடைக்கலாம். சில ஆய்வுகளில் மருந்தில்லா மாத்திரையும் கிடைக்கலாம். யாருக்கு எது என்பதைப் பெரும்பாலும் மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டுக் குலுக்குவதைப் போன்ற முறையில் அது தீர்மானிக்கப்படுகிறது.

கசப்பான நிகழ்வுகளும் உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குச் செலுத்தும் ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. சிறுமிகள் ஏழு பேர் இறந்த செய்தி வந்ததும் 2010-இல் அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் அன்று என்றே அரசு விசாரணைக் குழு கூறியது. ஆனால், விடுதிகளில் தங்கியிருந்த பல சிறுமிகளுக்குப் பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். 2013-இல் நாடாளுமன்றக் குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசியில் குற்றம் இல்லாவிடினும் கையெழுத்தில் குற்றம் இருந்தது. பிறருடைய உடலுக்கு நாம் ஒப்புதல் அளிக்க இயலாது என்பதே இதன் படிப்பினை.

சகோதரர்களே! இத்தகைய நிகழ்வுகளுக்கும் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்கும் பிறகு சட்டம் இறுக்கமாகியுள்ளது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள் நமக்குச் சில உரிமைகளை அளித்துள்ளன. அவற்றை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று: நமக்குப் புரியும் மொழியில் எழுதிய விளக்கத் தாளைக் கேட்டுப் பெறலாம். ஆங்கிலத் தாளில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இரண்டு: படிக்கத் தெரியாதவர் ஆய்வில் சேருவதாயின், ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர், விளக்கம் தொடங்கியது முதல் இறுதிவரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

மூன்று: ஆய்வை நெறிமுறைக் குழு ஒன்று ஏற்றிருக்க வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பர். பாதிப்பேர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும்.

நான்கு: ஆய்வினால் உடலுக்குக் கேடு விளைந்தால் இலவசச் சிகிச்சை உண்டு. ஆய்வின் காரணமாக நிலையான ஊனமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. மரணத்துக்கான இழப்பீடு 8 இலட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தன்மையையும் கொண்டு கணக்கிடப்படுகிறது.

ஐந்து: காரணம் எதுவும் கூறாமல் எந்த நாளிலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

இவற்றோடு இன்னொன்று. மருந்தாய்வுகளைப் பதிவு செய்வதற்கென இந்திய மருந்தாய்வுப் பதிவேடு 2007 முதல் இணையத்தில் இருக்கிறது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. எந்த நோய்க்கு, எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் ஆய்வு நடைபெறுகிறது என்பதை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். உங்களிடம் நீட்டப்படும் தாளில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குவோரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரோக்கியமானவர்களுக்குப் பணம் கொடுத்து மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளும் உண்டு. சட்டப்படி நடப்பவை இருக்கலாம். ஆனால், முன்பு வேறோர் ஆய்வில் இருந்ததை மறைத்து, பணத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சேருவது, உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட உடல் என்னும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும். தரகர் மூலம் வரும் அழைப்பை ஏற்காதீர்கள்.

நோய்வாய்ப்பட்டவர்களோ வாய்ப்பு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். திருச்சி, மதுரை, வேலூர், சென்னை ஆகிய ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. வேலூர் சி.எம்.சி.யில் இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்து, அதன்பின் அவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024-இல் வெளியானது. நம் சிற்றூர்வாசிகளுக்கும் அங்கே இடமுண்டு. ஆனால், எத்தனை முறை பஸ் ஏற வேண்டும், பயணச் செலவை யார் தருவார், உடன் செல்பவரின் கூலி என்னவாகும், ரமளானில் மருந்து நேரம் எப்படி, மாத்திரை உறை எதனால் ஆனது என்பவற்றை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

இனி நமது ஜமாஅத்தின் பங்கு. ஆய்வில் சேர் என்றோ சேராதே என்றோ சொல்லும் அதிகாரம் இமாமுக்கும் இல்லை, கமிட்டிக்கும் இல்லை. கணவர் மனைவிக்காகவும், மகன் சுயநினைவுள்ள தந்தைக்காகவும் கையெழுத்திட முடியாதபோது, நாம் எம்மாத்திரம்? ஆனால், தாளைப் படித்துச் சொல்ல நம்மால் முடியும். ஆகவே, வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா அறையில், ஆங்கிலம் அறிந்த நம் பட்டதாரிப் பிள்ளைகள் இருவர் அமர்ந்து, இத்தகைய தாள்களைப் படித்து விளக்கவும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவும் கமிட்டி ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பெண்களுக்கு விளக்கப் பெண் பட்டதாரி ஒருவர் வேண்டும். படிக்காத முதியவர்களுக்குச் சாட்சியாக உடன் செல்ல நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

அந்தச் சகோதரர் என்ன முடிவெடுத்தார் என்று கேட்பீர்கள். அவருடைய தகப்பனார் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கினார். நாங்கள் படிக்கப் படிக்க முழுவதையும் கேட்டார். பதினொரு கேள்விகளை எழுதச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பினார். விடை வந்தபின் தாமே முடிவெடுத்தார். அது என்ன முடிவு என்பது அவருடைய சொந்த விஷயம். அவர் அனுமதியின்றி நான் சொல்வதற்கில்லை. ஆனால், கேளாமலே "வேண்டாம்" என்று நான் சொன்ன அந்த மாலையை விட, அப்பெரியவர் கேட்டறிந்து முடிவெடுத்த அந்தக் காலை நமது ஜமாஅத்துக்கு நற்பெயர் தரக்கூடியது.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண நலம் தருவானாக! அறியாததைக் கேட்டறியும் பணிவை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.