ஊரின் நினைவே சான்று



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு காகிதத்தைப் பற்றி. பிறப்புப் பத்திரத்தைச் சூராட் பெரானாக் என்கிறோம், அடையாள அட்டையை ஐ.சி. என்கிறோம். இருப்பவருக்கு அது பணப்பையில் கிடக்கும் ஓர் அட்டை. இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு இல்லை, வாகன உரிமம் இல்லை, ஓட்டு இல்லை, சட்டப்படி கல்யாணத்தைப் பதிவதற்கும் வழியில்லை. நம் டுரியான் துங்காலிலேயே மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எழும்பி நிற்கிறது. ஐ.சி. இல்லாத பிள்ளை எவ்வளவு படித்தாலும் மற்ற மலேசியப் பிள்ளைகள் போகும் வழியில் அதன் வாசலைத் தாண்ட முடியாது. இப்படி நாடற்று நிற்பவர்களுக்காக உழைக்கும் தொண்டு அமைப்புகளில் முன்னணியில் இருப்பது டிரா மலேசியா. 2014 முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு மேற்கு மலேசியாவில் அது வீடு வீடாகத் தேடிப் பதிவு செய்தவர்கள் 12,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இந்த அமைப்பைப் பற்றியும் அது யாருக்காக உழைக்கிறதோ அவர்களைப் பற்றியும் நம்மிடையே பல தப்பான எண்ணங்கள் உலவுகின்றன. நான் சொல்ல வந்தது இதுதான்: பத்திரம் இல்லாத ஒருவருக்கான சான்று பெரும்பாலும் ஊரின் நினைவில்தான் இருக்கிறது. ஊர் அவரைத் தப்பாக எண்ணும்போது அவர் மனம் நோகிறது என்பதோடு போவதில்லை, அவருடைய சான்றும் அழிகிறது.

முதல் தப்பெண்ணம், பத்திரம் இல்லாதவர் எங்கிருந்தோ வந்தவர் என்பது. வரலாறு இதை மறுக்கிறது. தான் சாய் யான் என்பவர் 1896இல் இந்த மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதுவே மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்துக்கு வித்திட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள்திரட்டும் கங்காணி மூலமாகவும், 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் மூலமாகவும் நம் முன்னோர் கப்பலேறினார்கள். தோட்டக் கூலிகளை இப்படி அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தியது. அப்படியானால் கணக்கைப் பாருங்கள். தோட்ட வேலைக்கென்று வந்த பெருங்கூட்டம் வந்து சேர்ந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று இருபது வயதில் ஐ.சி. இல்லாமல் நிற்கும் தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் இந்த மண்ணின் மூன்றாவது, நான்காவது தலைமுறை. 2018 ஜூலையில், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐ.சி. வைத்திருந்த, 60 வயது தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். 2018இல் அறுபது தாண்டியவர் என்றால் சுதந்திரத்துக்கு முன்போ அதை ஒட்டியோ பிறந்தவர். கொடி ஏறிய நாளிலிருந்து அறுபது ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்தவர் சிவப்பு அட்டையோடு காத்திருந்தார். அவரை வந்தேறி என்று எப்படிச் சொல்வது?

வரலாறு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பத்திரம் எங்கே தவறியது என்று கேட்கலாம். ஒரே இடத்தில் தவறவில்லை. அவசரகாலத்தில், 1948இல், இந்த நாட்டில் அடையாள அட்டை வந்தது. 1957இல் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளிலிருந்து இங்கே பிறந்த பிள்ளை, பிறந்த காரணத்தாலேயே குடிமகன் என்றது அரசியலமைப்பு. 1962இல் அந்த விதி மாறி, பெற்றோரின் நிலை முக்கியமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பின. அதுவரை பிறப்பு, இறப்பு, கல்யாணம் எதுவானாலும் ஆபீசில் உட்கார்ந்திருந்த கிராணி என்ற எழுத்தருக்குத் தெரியும். செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் குடும்பத்தின் பெயர் இருக்கும். தோட்டம் கைமாறியதும் கிராணி போனார், செக்ரோல் போனது, தொழிலாளர் குடியிருந்த லயமும் இடிந்தது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமகன் அல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள். போகாமல் தங்கியவர்களில் சிலர் அட்டையைப் பற்றி வாய் திறந்தாலே ஆபத்து என்று அஞ்சி ஒதுங்கினார்கள். அந்த அச்சம் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கியது.

இதற்கு மேல் இன்னொரு முடிச்சு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் அதன்படி பதிவாக வேண்டும். ஆனால் நம் மக்களுக்குக் கோயிலில் தாலி ஏறினால் கல்யாணம் முடிந்தது, ஊரே சாட்சி. தேசியப் பதிவிலாகா அப்படிப் பார்ப்பதில்லை. பெற்றோரின் திருமணம் சட்டப்படி நிலைநாட்டப்படாவிட்டால், அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி பிள்ளையின் நிலை தாயைத் தொடர்ந்துதான் பார்க்கப்படுகிறது. தகப்பனார் குடிமகனுக்குரிய நீல ஐ.சி. வைத்திருக்கலாம், தாயிடம் பத்திரம் இல்லையென்றால் பிள்ளை நாடற்றதாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை வளர்கிறது. பத்திரம் இல்லாததால் அதன் கல்யாணமும் பதிவாவதில்லை. அடுத்த பிள்ளையும் அதே குழியில் விழுகிறது. வாய்வார்த்தையாகத் தத்து எடுத்து, ஆசையோடு வளர்த்த பிள்ளைக்கும் இதே கதிதான். வளர்த்த பாசம் குடியுரிமையைத் தானாகக் கொண்டுவருவதில்லை.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பதியாதது பெற்றோரின் அலட்சியம்தானே, அதற்கு ஊர் ஏன் ஓட வேண்டும் என்பார்கள். அலட்சியம் ஒரு பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. குடியும் குடும்பச் சண்டையும் காரணமான வீடுகளும் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களை எண்ணிப் பாருங்கள். முதலாவது, பத்திரம் இல்லாத தாய் பிள்ளையைப் பதியப் போனால் முதல் கேள்வியே அவளுடைய ஐ.சி. எங்கே என்பதுதான். அவள் பதியாமல் விட்டதை அலட்சியம் என்று நாம் சொல்கிறோம். அவளுக்கு அது பயம். இரண்டாவது, தப்பு பெற்றோருடையதே என்று வைத்துக்கொண்டாலும், தண்டனை அனுபவிப்பது பிறந்த குழந்தை. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளையைச் சிறை வைக்க எந்த அறமும் ஒப்பாது. பதிவு தவறிய குற்றத்துக்கு மட்டும் ஏன் மூன்று தலைமுறை வரை வட்டி வசூலிக்க வேண்டும்?

அடுத்த தப்பெண்ணம் அமைப்பைப் பற்றியது. ஐ.சி. எடுத்துத் தரும் இடம் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். தராவிட்டால் ஏமாற்றுக்காரர்கள் என்கிறார்கள். பணம் பிடுங்கும் ஏஜென்டுகளால் அடிபட்டவர்கள், இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று விலகிப் போகிறார்கள். இரண்டு எண்ணமும் ஒரே தவற்றிலிருந்து பிறந்தவை. எந்தத் தொண்டு அமைப்பும் குடியுரிமை தர முடியாது. அந்த அதிகாரம் அரசாங்கத்தினுடையது. சட்டத்தின் பொருளைச் சொல்வது நீதிமன்றம். அமைப்பு செய்வது சான்றுகளைக் கோக்கும் வேலை. ஊர்களிலேயே ஆட்களைத் தேர்ந்து சட்டத் துணைவர்களாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு குடும்பத்தின் கதையையும் கேட்டு, எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று பிரிக்கிறார்கள். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவருக்கு ஒரு பிரிவு. வயது வரம்புக்குட்பட்ட பிள்ளைக்குச் சிறப்புச் சூழ்நிலையில் அரசியலமைப்பின் 15ஏ. இங்கே பிறந்து வேறு எந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாதவருக்கு இரண்டாம் அட்டவணையில் ஒரு வழி. பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட குழந்தைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அதை வைத்து 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எந்த வாசல் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் தவறான வாசலைத் தட்டிக்கொண்டிருந்தவருக்குச் சரியான வாசலைக் காட்டுவதே இந்த வேலை. பொறுமை வேண்டும், ஆள் வேண்டும், ஊரின் நம்பிக்கை வேண்டும்.

வெளிநாட்டுத் துணையோடு நடப்பது ஏன், இப்படியே கொடுத்துக்கொண்டு போனால் குடியுரிமைக்கு என்ன மதிப்பு, நாட்டின் பாதுகாப்பு என்னாவது என்ற கேள்வியும் இருக்கிறது. நாட்டை நேசிக்கும் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். யார் கூட உழைத்தாலும் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது நம் தேசியப் பதிவிலாகா; முடிவு நம் உள்துறை அமைச்சுடையது. அமைப்பு எந்தச் சோதனையையும் குறைக்கச் சொல்லவில்லை. சோதனைக்கு வேண்டிய ஆதாரத்தைத் திரட்டித் தருகிறது. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும்: எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் வாழ்வது ஒரு நாட்டுக்குப் பாதுகாப்பா, பெயரும் விலாசமும் பதிவாகி வரி செலுத்தும் குடிமக்களாக வாழ்வது பாதுகாப்பா? உரியவருக்கு உரியதைக் கொடுப்பதால் குடியுரிமையின் மதிப்பு குறையாது. உரியவரை வாசலில் நிறுத்தி வைத்திருப்பதுதான் அதைக் குறைக்கிறது.

நம்மைப் போலவே தோட்டத்துக்கென்று கடல் கடந்த இலங்கை மலையகத் தமிழரைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் இழுத்த துயரம் அது. ஆனால் 2003இல் புதிய சட்டம் வந்தபோது என்ன நடந்தது? அரசும் தொழிற்சங்கமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொண்டர்களும் தோட்டத்துக்கே நடமாடும் முகாம்களைக் கொண்டுபோனார்கள். பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். நம் நிலைமை அதே மாதிரி இல்லை என்பது உண்மை. அங்கே ஒரு சமூகத்துக்கே சட்டம் வந்தது. இங்கே ஒவ்வொரு குடும்பமும் தனி வழக்கு. அதனால்தான் இங்கே ஊரின் பங்கு அங்கே இருந்ததைவிடப் பெரியது. சட்டம் ஒரே நாளில் செய்ய முடியாததைச் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து செய்ய வேண்டியிருக்கிறது.

ஊரின் நினைவு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதுதான் பொருள். இவன் இந்தத் தோட்டத்தில், இந்த லயத்தில், இன்னாருக்குப் பிறந்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தர ஆள் வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவச்சி, ஆயா கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மா, முதல் வகுப்பில் பெயர் எழுதிய ஆசிரியர், கோயிலில் காது குத்தின நாளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் என்று சாட்சிகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஊர் என்ன பேசுகிறதோ அதைக் கேட்டே அவர்கள் நடக்கிறார்கள். “அவங்க வம்பு நமக்கு ஏன்” என்று ஊர் சொன்னால் சாட்சி வாய் மூடிக்கொள்கிறார். “பத்திரம் இல்லாத குடும்பம்” என்று ஊர் இழிவாகப் பார்த்தால் அந்தக் குடும்பமும் கதவைச் சாத்திக்கொள்கிறது. தேடி வந்த தொண்டருக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. தப்பெண்ணம் ஓர் ஆவணத்தை எரிப்பதற்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான். தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தைக் கண்ட தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களில் ஒருவர் மறையும்போது பல குடும்பங்களின் பிறப்புப் பதிவேடு ஒன்று மண்ணுக்குள் போகிறது.

சட்டமும் காத்திருக்கவில்லை. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நல்ல செய்தி கொண்டுவந்தது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளான சிவப்பு ஐ.சி. பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தானாகக் குடியுரிமை பெற்றுவந்த வழியை எடுத்துவிட வகை செய்கிறது. இனிமேல் ஒரு தலைமுறை தள்ளிப்போட்டால் அடுத்த தலைமுறை மீள்வது இன்னும் கடினம்.

ஆகவே இந்த அவையிடம் நான் கேட்பது பெரிய நன்கொடை இல்லை. கோயில் நிர்வாகங்கள், பதிவுக்கு ஏற்பாடு ஆனதா என்று கேட்டுவிட்டே கல்யாணத்துக்கு நாள் கொடுக்கட்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், பன்னிரண்டு வயதில் ஐ.சி. எடுக்க முடியாத பிள்ளை யார் என்று கூச்சப்படுத்தாமல் விசாரிக்கட்டும். பழைய சம்பள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளி ரிப்போர்ட் கார்டு எதையும் வீட்டில் தூக்கிப் போடாதீர்கள். எழுபது தாண்டிய பெரியவர்கள், தங்களோடு லயத்தில் வாழ்ந்த குடும்பங்களின் பெயர்களைச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். தொண்டு அமைப்பின் ஆள் உங்கள் வாசலுக்கு வந்தால் சந்தேகப்படுங்கள், கேள்வி கேளுங்கள், அடையாளம் பாருங்கள். அது உங்கள் உரிமை. பதில் சரியாக இருந்தால் பக்கத்து வீட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பயந்து சாத்திய கதவு அந்நியர் தட்டினால் திறக்காது. தெரிந்த குரல் கூப்பிட்டால் திறக்கும். டுரியான் துங்காலில் அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.