துபாஷி மாறினாலும் கணக்கு மாறலாகாது



சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ மூணாற்றுக் கடைத்தெருவிலோ சற்று நின்று பார்த்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். கடைக்காரர் ஒருவருக்குத் தமிழில் விலை சொல்வார். அடுத்தவருக்கு மலையாளத்தில் சொல்வார். கணக்குப் புத்தகமோ ஒன்றுதான். மொழி மாறுகிறது, தொகை மாறுவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியதாயினும், இந்தக் கடைக்காரரை விட்டு வெகுதூரம் செல்லப் போவதில்லை.

செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே உறவு கற்பித்து வைக்கும் முறையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த காட் என்னும் அறிஞர் வெளியிட்டார். ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் என்று இன்று வழங்கும் தரவுத்தளங்கள் யாவும் அம்மரபின் வழிவந்தவையே. இவை பேசும் மொழி ஒன்றுதான் என்பர். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வட்டார வழக்கு உண்டு. நிரல் எழுதுபவரோ அட்டவணையை நினைப்பதில்லை. ‘மாணவர்’ என்று ஒரு பொருளை நினைக்கிறார். அதற்குப் பெயர் உண்டு, வகுப்பு உண்டு, பயிற்றுமொழி உண்டு. இவ்விரு உலகங்களுக்கும் இடையே நின்று பெயர்த்துச் சொல்வதே பொருள்-உறவு நிரல் நூலகம். அதனுள்ளே தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர், அதாவது ஒரு துபாஷி, அமர்ந்திருக்கிறது. 2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் கட்டமைப்பிலுள்ள ‘ஆக்டிவ் ரெக்கார்ட்’ இவ்வகை நூலகங்களில் பெயர் பெற்றது.

‘இது நமக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். கேரள அரசின் கல்வித்துறை, பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் மாணவர் விவரங்களைப் பேணுவதற்கு ‘சம்பூர்ணா’ என்னும் மென்பொருளைக் கொணர்ந்தது. அது ‘ஃபெடெனா’ என்ற பள்ளி நிர்வாக மென்பொருளைத் திருத்தி அமைத்தது. ஃபெடெனாவோ ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. தேவிகுளத்திலும் வண்டிப்பெரியாற்றிலும் சித்தூரிலும் தமிழ் பயிலும் குழந்தைகளின் பெயர்களையும் இத்தகைய துபாஷியின் வழியாகவே ஏட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே இது அயலார் விவகாரமன்று. நம் வீட்டுக் காரியமே.

இனி, நூலகத்தைப் புதுப்பித்தல் ஏன் என்பதைப் பார்ப்போம். பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரு நாள் நின்றுபோகும். தரவுத்தளங்களும் மாறிக்கொண்டே வரும். புதுப்பிக்காமல் விடுவது, பூட்டுப் பழுதான வீட்டைப் பூட்டியதாக எண்ணிக்கொள்வதற்கு ஒப்பாகும். ஆனால் புதுப்பிக்கும்போதுதான் துபாஷியின் வழக்கம் மாறிவிடுகிறது.

உண்மையான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஆம், இல்லை என்ற விடைகளை எஸ்கியூலைட்டுக்கான பழைய துபாஷி ‘டி’, ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்துகளாக எழுதி வந்தது. 2018இல் வந்த 5.2ஆம் பதிப்பு, இனி 1, 0 என்ற எண்களாக எழுதலாம் என்றும், பழைய வரிகளை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் எச்சரித்தது. 2019இல் வந்த 6.0இல் எண்களே விதியாயின.

எச்சரிக்கையைப் படியாத ஒரு பள்ளியைக் கற்பனை செய்வோம். ‘தமிழ்ப் பாடநூல் வேண்டும்’ என்ற கட்டத்தில் நாற்பது குழந்தைகளுக்கு ‘டி’ என்று பதிவாகியிருக்கிறது. புதுப்பித்தபின் ஒரு குழந்தையின் ஏட்டைத் திறந்தால் ‘ஆம்’ என்றே தெரியும். ஆனால் ‘தமிழ்ப் பாடநூல் வேண்டுவோர் பட்டியலைக் கொடு’ என்று கேட்டால், நூலகம் 1 என்பதைத் தேடும். ‘டி’ அதன் கண்ணுக்கு அகப்படாது. பட்டியல் வெறுமையாக வரும். கணினி பிழை என்று கூவாது, எழுத்தரும் ஐயுறார். புத்தகம் வராத நாளிலேதான் உண்மை வெளிப்படும். ஓசையுள்ள தவற்றைவிட ஓசையற்ற தவறே கொடிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

தமிழ் எழுத்துக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. கொழிஞ்சாம்பாறை என்ற பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். யூனிகோடு முறையில் அதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் போஸ்ட்கிரெஸும் எஸ்கியூலைட்டும் தம் இயல்பான நிலையில் இவ்விரண்டையும் வேறு வேறு ஊர்களாகவே கொள்ளும். பதிவு செய்யுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொணர்வதே இதற்கு மருந்து.

அங்ஙனமாயின் புதுப்பிக்கும் முறை யாது? முதலாவது, தரவின் படியொன்றை எடுத்து, அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பாராத படி நம்பத்தக்கதன்று. இரண்டாவது, முக்கியமான பட்டியல்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை பெயர் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பல பதிப்புகளை ஒரே தாவலில் தாண்டாமல், படிப்படியாக ஏறி, எச்சரிக்கைகளைப் படிக்க வேண்டும். நான்காவது, ஒரே சோதனையைப் பயன்படுத்தும் அடாப்டர் ஒவ்வொன்றின் வழியாகவும் நடத்த வேண்டும். அதில் தமிழ்ப் பெயர்களும் இடம்பெறல் வேண்டும். இறுதியில் மீண்டும் எண்ணி, பழைய தொகையோடு ஒப்பிட வேண்டும்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியிலேயே எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்தது. எழுதியவர் மொழி எதுவாயினும் பொருள் குன்றாமல் சேர வேண்டும் என்பதே அதன் கருத்து. அடாப்டருக்கும் நாம் விதிக்க வேண்டிய சட்டம் அதுவே.

பெங்களூரிலும் மும்பையிலும் இத்தொழில் புரியும் நம் இளைஞர் பலர். புதுப்பித்தல் முடிந்தது என்று கையெழுத்திடுமுன் அவர்கள் ஒரு பட்டியலை எண்ணிப் பார்ப்பார்களாக. அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், எங்கோ ஒரு மலைத்தோட்டத்துக் குழந்தை புத்தகமின்றி வகுப்பில் அமர்ந்திருக்கும்.