தங்கம் அவங்களுக்கு, சயனைடு மேடு நமக்கு

(விம்கோ நகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விம்கோ நகர்ல நின்னுக்கிட்டு கோலார் தங்கவயலைப் பத்தி எதுக்குப் பேசணும்னு நீங்க கேக்கலாம். அது நம்ம சனம் வெட்டின சுரங்கம். வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள்தான் பூமிக்குள் இறங்கினார்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1954இல் அம்பேத்கர் அங்கே வந்தார்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அரைத்துச் சயனைடில் கழுவிய மண் ஏறக்குறைய 3.3 கோடி டன், 13 மேடுகளாகக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ள. மழை பெஞ்சா கரைஞ்சு ஓடைக்குள்ள. பாலாற்றுப் படுகை அது.

2024 ஜூனில், இந்த மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேடு அகன்றால் நல்லதுதானே என்பார்கள். ருமேனியாவில் பாயா மாரே என்ற ஊரிலும் பழைய கழிவைத்தான் மறுபடி கழுவினார்கள். 2000 ஜனவரி 30இல் மழையும் உருகிய பனியும் சேர்ந்து கழிவுக்குட்டையின் கரை உடைந்தது. சுமார் 1 லட்சம் கன மீட்டர் சயனைடுத் தண்ணீர் ஆற்றில் கலந்தது. பக்கத்து நாடான ஹங்கேரியில் மீன்கள் செத்து மிதந்தன.

பாதுகாப்பு முறைகள் ஒன்றும் ரகசியமில்லை. மண்ணைக் குவித்துச் சயனைடு தெளிக்கும் இடத்தில், அடியில் களிமண்ணும் கசியாத விரிப்பும் வேண்டும். குட்டை பெருமழையைத் தாங்க வேண்டும். விஷவாயு கிளம்பாதபடி சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தண்ணீரை வெளியே விடுமுன் சயனைடை முறிக்க வேண்டும். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். வேலை முடிந்தபின் இடத்தைச் சுத்தம் செய்வதற்கான பணத்தை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும்.

இதெல்லாம் காகிதத்துல இருக்கும். ஆனா கிணத்துத் தண்ணிய அளக்கப்போறது யாரு? மேட்டோரத்துல குடியிருக்கிறது யாரு? ரெண்டும் ஒரே ஆள் இல்ல. இங்கதான் சாதி வருது.

நம்ம கொசஸ்தலையாற்றைப் பாருங்க. அனுமதி இருந்தது, நிபந்தனை இருந்தது, வாரியமும் இருந்தது. அப்படியும் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஆற்றை மேடாக்கின. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, தூங்கிய சனம் மூச்சுத்திணறி ஓடியது. நம்ம மூக்கைத்தான் அளவுகருவியா வெச்சிருக்காங்க.

ஆகவே தங்கவயலுக்கும் எண்ணூருக்கும் ஒரே கோரிக்கைதான். தண்ணீர் மாதிரி எடுக்கும்போது குடியிருப்புப் பெண்கள் கூட நிற்க வேண்டும். முடிவை அந்த மக்கள் பேசும் மொழியில் தெருவில் ஒட்ட வேண்டும். அளவு மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அந்தத் தெருவுக்கு வேண்டும். இந்த அதிகாரம் இல்லாத பாதுகாப்பு, கம்பெனிக்குத்தான் பாதுகாப்பு.

ஜெய்பீம்!