குழந்தையின் இரத்தமும் தலைவிதியும்
(திருத்தணிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய், இரத்த வியாதிகள், அவற்றுக்கென்று இருக்கும் தனி வைத்தியம் ஆகியவற்றைப்பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் டாக்டரல்ல. ஆனால் இந்த விஷயத்தில் டாக்டரிடம் போய்ச் சேருவதற்கு முன்னால் நடக்கும் காரியங்கள்தான் பெரிய தொல்லையாயிருக்கின்றபடியால், அதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் யோக்கியதை உண்டு என்று நினைக்கிறேன்.

நான்கு வயதுக் குழந்தை ஒன்று வெளுத்துப் போகிறது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்கிறது. கால் எலும்பு வலிக்கிறதென்று இரவில் அழுகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? திருஷ்டி கழிக்கிறோம், மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறோம், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆடிக் கிருத்திகைக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு அதுவரையில் காத்திருக்கிறோம். மலைக்குப் போகலாமா கூடாதா என்பது வேறொரு கூட்டத்துக்குரிய பேச்சு. அந்தக் கிருத்திகை வரும் வரையில் வியாதி காத்திருக்குமா என்பதே இன்றைய கேள்வி.

இரத்தம் எலும்பின் உள்ளேயிருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. இரத்தப் புற்றுநோயில், முதிராத வெள்ளையணுக்கள் வயலில் கோரை மண்டுவதுபோல் அங்கே மண்டிவிடுகின்றன. சிவப்பணு உண்டாக இடமில்லாமையால் குழந்தை வெளுக்கிறது. நோயை எதிர்க்கும் நல்ல அணு இல்லாமையால் காய்ச்சல் வருகிறது. தட்டணு குறைவதால் ஈறில் இரத்தம் கசிகிறது. இதில் பேயும் இல்லை, சனியும் இல்லை. இரத்தச் சோதனையிலேயே சந்தேகம் தட்டும். மஜ்ஜையைச் சோதித்தால் உறுதியாகும்.

“எல்லாம் பூர்வஜன்ம வினை, தலையெழுத்து” என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். செல்வ நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை. பிரம்மா அந்த நாட்டுக் குழந்தையின் தலையில் ஒருவிதமாகவும் நம் குழந்தையின் தலையில் வேறுவிதமாகவுமா எழுதுகிறான்? பணமும், படிப்பும், சீக்கிரம் கண்டுபிடிப்பதும், வைத்தியத்தைப் பாதியில் விடாதிருப்பதும் சேர்ந்து எழுதுகிற எழுத்தல்லவா அது?

அந்த எழுத்தை மாற்றியவர்களில் ஒருவர் நமக்கு அந்நியரல்ல. எல்லப்பிரகட சுப்பாராவ் ஆந்திரநாட்டுப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். போலிக் அமிலம் என்னும் சத்துப்பொருளை அவருடைய கூட்டத்தார் செயற்கையாகச் செய்தார்கள். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சிட்னி பார்பர், அச்சத்தைக் கொடுத்தால் இரத்தப் புற்றுநோய் இன்னும் மூர்க்கமாவதாகக் கண்டார். அப்படியானால் அச்சத்தைத் தடுத்தால் என்ன என்று யோசித்தார். அதைத் தடுக்கும் மருந்தையும் சுப்பாராவின் கூட்டத்தாரே செய்து கொடுத்தார்கள். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கிற்று என்று 1948இல் பார்பர் வெளியிட்டார். அவ்வாண்டே சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனைபேர் கேட்டிருப்பார்கள்?

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் அதை விதியென்று விட்டுவிடாமல், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி துவக்கினார். குழந்தைகளுக்கென்று தனி வார்டு 1960இல் அங்கே ஏற்பட்டது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் காலமான டாக்டர் சாந்தாவும் அங்கேயே தங்கள் ஆயுளைக் கழித்தார்கள். வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்து வருகிறது. திருத்தணியில் ரயிலேறி அரக்கோணத்தில் மாறினால் ஒரு பக்கம் காட்பாடி, ஒரு பக்கம் சென்னை. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம்!

தனி வார்டு எதற்கு, எந்த ஆஸ்பத்திரியானால் என்ன என்று கேட்கலாம். குழந்தை சின்ன மனிதனல்ல. மருந்தின் அளவை அதன் உயரத்துக்கும் எடைக்கும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். சில மருந்தை முதுகுத்தண்டில் செலுத்த வேண்டும். மருந்து கெட்ட அணுவோடு நல்ல அணுவையும் கொல்வதால், அந்தச் சமயத்தில் சாதாரணக் காய்ச்சலே உயிரைக் குடித்துவிடும். அன்றைக்கே ஊசி போட வேண்டும். இதிலே பழகிய நர்சுகள் வேண்டும். முடி கொட்டும், மறுபடி முளைக்கும். மொட்டைத் தலையைக் கண்டு பயப்படாத ஊர் ஒன்று உண்டானால் அது திருத்தணிதானே!

வைத்தியம் இரண்டு, மூன்று வருஷம் நீடிக்கும். சில மாதத்தில் குழந்தை ஓடியாடத் தொடங்கும். “குணமாகிவிட்டது, கூலி வேலை கெடுகிறது” என்று தகப்பனார் நிறுத்திவிடுவார். ஒளிந்திருந்த வியாதி திரும்பி வரும். அந்தத் தகப்பனாரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கலாம். போன கூலியையும், வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் சோற்றையும் யார் தாங்குவது? அது நம் வேலை, தோழர்களே!

இனி தலசீமியா. இது பரம்பரையாய் வரும் இரத்த வியாதி. தாய் தகப்பன் இருவரிடமும் இக்குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு குழந்தைக்குக் கடுமையாக வரக்கூடும். பிறகு ஆயுள் முழுவதும் சில வாரத்துக்கொருமுறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும், அல்லது மஜ்ஜை மாற்ற வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற குடும்பங்களில் ஒரே குறை இருவரிடமும் இருக்க அதிக இடமுண்டு. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, ஒரு துளி இரத்தத்தை ஏன் பார்ப்பதில்லை?

கடைசியாக ஒன்று. தட்டணுவை 5 நாளைக்குமேல் சேமித்துவைக்க முடியாது. ஆகையால் கொடுக்கிறவர்கள் வந்துகொண்டேயிருக்க வேண்டும். இரத்தத்தில் ஏ, பி, ஓ என்ற பிரிவுண்டே தவிர, நம்முடைய ஜாதிப் பிரிவு எதுவும் கிடையாது. மேடைக்கு இடப்புறம் ஒரு தோழர் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். 18 வயதான ஆண்களும் பெண்களும் தங்கள் பெயரையும், தெருவையும், இரத்த வகை தெரிந்தால் அதையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். வகை தெரியாதவர்களும் எழுதலாம்.