திரையில் கண்ட இராவணன்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் பார்த்த படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றி என் சொந்த அபிப்பிராயத்தைக் கூறும்படி மன்றச் செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். தலைப்போ பெருங்கடல். பார்த்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினால் பிரசாதம் ஆறிவிடும். பெரியோர் சிலர் உறங்கியும் விடுவர். ஆதலால் ஒரேயொரு பாத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அவனைப் படத்துக்குப் படம் தொடர்ந்து செல்ல எண்ணுகிறேன். அவன் இராவணன். நான் கலை விமர்சகன் அல்லன். ரிக்கற் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவன். அந்த உரிமையோடு பேசுகிறேன்.

ஏன் இராவணன் என்று கேட்பீர்கள். மற்ற ஊரார்க்கு அவன் கதையில் வரும் அரக்கன். நமக்கு அவன் அயலவன். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது. அப்பால் கன்னியாவில், தாயின் ஈமக்கடனுக்காக அவன் நிலத்தைக் குத்தி வரவழைத்தான் என்று சொல்லப்படும் வெந்நீர்க் கிணறுகள் ஏழு இருக்கின்றன. இந்த இரண்டையும் சிறுபிராயத்திலேயே பார்த்து வளர்ந்த சீனன்குடாப் பிள்ளையொருவன், படத்தில் இராவணன் தோன்றும்போது சற்று நிமிர்ந்து உட்காருவது இயல்புதானே!

இன்னுமொரு காரணமும் உண்டு. திருஞானசம்பந்த சுவாமிகள் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டை இராவணனுக்கென்றே ஒதுக்கி வைத்தார். நமது திருக்கோணமலைப் பதிகமும் அந்த வழக்கத்துக்கு விலக்கன்று. அவன் கயிலையைப் பெயர்த்தான், இறைவன் திருவிரலால் ஊன்ற நெரிந்தான், பின்பு இசை பாடினான், அருள் பெற்றான். செருக்கு ஒரு பாதி, அருள் மறுபாதி. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தது தேவாரம். திருநீற்றுப் பதிகத்திலோ அந்த நீறு இராவணன் மேனியிலும் இருந்ததென்று ஒரு வார்த்தை வருகிறது. இதுதான் என் கையிலுள்ள அளவுகோல். படம் எடுப்பவர்கள் இந்த இரண்டு பாதியையும் காட்டுகிறார்களா, அல்லது ஒன்றை வெட்டி எறிந்துவிடுகிறார்களா என்றுதான் நான் பார்ப்பது வழக்கம்.

1958 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சம்பூர்ண ராமாயண'த்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கே. சோமு இயக்கியது; வசனம் ஏ. பி. நாகராஜன். பின்னாளில் 'திருவிளையாடல்' தந்த அதே நாகராஜன்தான். என். ரி. ராமராவ் இராமன், பத்மினி சீதை, சிவாஜி கணேசன் பரதன். பரதனைப் பார்த்த இராஜாஜி மனமுருகிப் பாராட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் என்னைக் கேட்டால், அப்படத்தைத் தாங்கி நிற்கும் தூண் பரதனல்லன். இராவணனாக வந்த ரி. கே. பகவதியே. ரி. கே. எஸ். சகோதரர்களின் நாடக மேடையில் வளர்ந்தவர் அவர். கண்ணை உருட்டாமல், பல்லைக் கடிக்காமல், நிற்கும் நிலையிலேயே அரசன் என்று தெரியச் செய்கிறார். சபையிலே வீணையை மடியில் வைத்துக்கொண்டு, இன்ன வேளைக்கு இன்ன இராகம், இன்ன சுவைக்கு இன்ன இராகம் என்று விடை கூறும் கட்டம் ஒன்று வருகிறது. குரல் சி. எஸ். ஜெயராமனுடையது; இசை கே. வி. மகாதேவன். அந்தக் காட்சியில் அவனைப் பகைக்க எவராலும் முடியாது. அடுத்து அதே மனிதன் பிறன்மனை கவர்கிறான். இத்தகையவன் இத்தகைய காரியத்தைச் செய்தானே என்று நெஞ்சு பதறுகிறது. போர்க்களத்தில் ஆயுதமிழந்து நின்று, மறுநாள் வா என்று பகைவனே அனுப்பிவைக்கும்போது பகவதியின் முகத்தைப் பாருங்கள். கம்பர் எழுதிய வெட்கம் முழுவதும் அங்கே இருக்கிறது. படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பிற்பகுதியில் அவசரம் தெரிகிறது. அரக்கர் வேடங்கள் சிலவற்றைக் கண்டால் சிரிப்பு வரும். இருந்தாலும் இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு படத்தைத்தான் காட்டலாம் என்றால் இதைத்தான் காட்டுவேன்.

அதே 1958 இல் ஏவி. எம். நிறுவனத்தார் தெலுங்கில் எடுத்த 'பூகைலாஸ்' வெளிவந்தது. தமிழிலும் குரல்மாற்றம் செய்து வெளியிட்டார்கள். அதில் இராவணன் யார் தெரியுமா? சம்பூர்ண ராமாயணத்தில் இராமனாக நின்ற அதே ராமராவ்! ஒரே வருஷத்தில் ஒரே முகம் இரு பக்கத்தும் நின்றது. தாய் கைகசியின் பூசைக்காக ஆன்மலிங்கம் பெறக் கயிலைக்குப் போகும் மகனின் கதை அது. லிங்கம் இறுதியில் கோகர்ணத்தில் நிலைத்துவிடுகிறது. அந்தக் கோகர்ணம் கன்னட நாட்டுக் கடற்கரையில் உள்ளது; ஆனால் மகாவம்சத்தில் நமது திருகோணமலைக்கும் கோகண்ணம் என்றுதான் பெயர் என்பதைப் படம் பார்க்கும்போது மறக்க இயலவில்லை. தாய்க்காகச் சிவனை நாடிப் புறப்பட்ட மகன் என்ற அந்த ஓர் இழை, நம் ஊர் ஐதிகத்துக்கு மிகக் கிட்டியது. நாரதர் சூழ்ச்சியும் நகைச்சுவையும் அதைச் சற்று மூடிவிடுவது என் மனக்குறை.

நிற்க. இராவணனை முற்றும் நல்லவனாகக் கொள்ளும் மற்றொரு பக்கமும் தமிழில் எழுந்தது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946 இல் வந்து, 1948 இல் தடைசெய்யப்பட்டு, 1971 இல் விடுவிக்கப்பட்டது. அறிஞர் அண்ணா 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இராவணனையே நீதிமன்றத்தில் வாதாட வைத்தார். மேடையில் ஆர். எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' ஆகிப் புகழ்பெற்றார். இவற்றால் ஒரு நன்மை உண்டாயிற்று. பத்துத் தலைக்கு அப்பால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று தமிழர் எண்ணத் தொடங்கினர். ஆனால் அவனுடைய குற்றத்தையும் கூடவே துடைத்துவிட்டார்கள். குற்றமில்லாதவனுக்கு அருள் எதற்கு? எட்டாம் பாட்டே வேண்டாதது ஆகிவிடுமே!

2010 ஜூன் 18 இல் வெளிவந்த மணிரத்தினத்தின் 'ராவணன்' அந்த வழியில் பிறந்த பிள்ளைதான். விக்ரம் காட்டில் வாழும் வீராவாகவும், ஐஸ்வர்யா ராய் அவன் கடத்திச் செல்லும் பெண்ணாகவும், பிருதிவிராஜ் அவள் கணவனான பொலிஸ் அதிகாரியாகவும் நடித்தார்கள். அன்றைய தினமே வெளியான ஹிந்திப் பதிப்பில் விக்ரம் அந்தப் பொலிஸ் அதிகாரியாக, அதாவது இராமன் பக்கத்தில், நின்றார். ராமராவுக்கு நேர்ந்தது ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இவருக்கும் நேர்ந்தது. மழையும் அருவியும் கண்ணைப் பறிக்கின்றன. ரகுமானின் இசைக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழிவாங்கும் வீராவை நேசிப்பது மிக எளிது; அந்த எளிமையே படத்தின் பலவீனம். ஒரு கட்டத்தை மட்டும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கணவன் மனைவியின் கற்பைச் சந்தேகிப்பதுபோலப் பேசி, மனம் நொந்து அவள் வீராவைத் தேடிப் போகும்போது பின்தொடர்ந்து சென்று அவனைக் கொல்கிறான். அக்கினிப் பிரவேசத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையாக ஒரு கேள்வியைப் பட்டிமன்றத்தில்கூட நான் கேட்டதில்லை.

இனித் தொலைக்காட்சிக்கு வருகிறேன். இராமானந்த சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அந்த நேரத்தில் வீதிகள் வெறிச்சோடின, பெட்டிக்கு மாலை சாத்தித் தீபம் காட்டினார்கள் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். 2020 இல் கொரோனா ஊரடங்குக் காலத்தில் மறுபடியும் காட்டியபோது புதிய தலைமுறையும் பெட்டிமுன் கூடியது. என் அபிப்பிராயம்: கதை ஆமைபோல ஊர்கிறது. அம்பும் அம்பும் ஆகாயத்தில் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கும் நேரத்தில் ஒரு பானை சோறு வடித்துவிடலாம். எனினும் அரவிந்த திரிவேதியின் இராவணனுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். குஜராத்தி மேடையில் பழகியவர். படகோட்டி வேடம் கேட்டு வந்தவருடைய நடையைப் பார்த்துச் சாகர் அவரை இலங்கேசனாக்கினார் என்பார்கள். அந்தச் சிரிப்பிலே ஆணவம் முழங்குகிறது. ஆனால் மைந்தனை இழந்த இடத்தில் அதே தொண்டை அடைக்கிறது. 1991 இல் அவரும், சீதையாக நடித்த தீபிகாவும் ஒரே கட்சியின் சார்பில் இந்தியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். இராவணனும் சீதையும் ஒரே அணியில் அமர்ந்த அதிசயத்தைக் கம்பர் கண்டாரில்லை! திரிவேதி 2021 ஒக்டோபரில் காலமானார்.

யூகோ சாகோ என்ற யப்பானியர், இந்தியரான ராம் மோகனுடன் சேர்ந்து 1992 இல் முடித்த வரைபடச் சித்திர இராமாயணத்தை நம் சிறுவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய ஊர் நம்முடையது. நம் எண்ணெய்த் தாங்கிகளுக்கு அந்தக் கதை தெரியும். சரியாக ஐம்பது வருஷம் கழித்து அந்நாட்டவர் ஒருவர் இராமன் கதையை இவ்வளவு பக்தியோடு வரைந்தார் என்பதை எண்ணினால் மனம் நெகிழ்கிறது.

2023 இல் வந்த 'ஆதிபுருஷ்' பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சயிப் அலி கான் இராவணன். அவன் ஏறி வருவது புஷ்பக விமானமன்று, ஏதோ வௌவால் இனத்துப் பிராணி. மலைப்பாம்புகளைக் கொண்டு உடம்பு பிடித்துவிடச் செய்கிறான். வசனம் மலிவாயிருக்கிறதென்று கண்டனம் எழுந்து, வெளியான பின்னர் சில வரிகளை மாற்றவும் நேர்ந்தது. கணினியில் கோடி கோடியாகக் கொட்டியும் பகவதியின் ஒரு பார்வையை அவர்களால் செய்ய முடியவில்லை.

தென்னிலங்கையிலும் இராவணன் திரைக்கு வந்தான். 2018 இல் தெரண தொலைக்காட்சியில் 'ராவணா' என்ற சிங்களத் தொடர் தொடங்கிற்று. 2019 இல் இலங்கையின் முதற் செயற்கைக்கோளுக்கு 'ராவணா 1' என்றே பெயர் சூட்டினார்கள். இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் யப்பானில் உருவாக்கியது. அயலவர் நம் அயலவனை விரும்பினால் நான் கோபிக்க மாட்டேன். ஆனால் விமானம் கண்ட பேரரசன் என்று கொண்டாடுகின்ற இடத்தில் சிவபக்தன் மறைந்துபோகிறான். அதே 2019 இல் கன்னியாப் பிள்ளையார் கோயிற் காணி நீதிமன்றம் வரை போனதை நீங்கள் அறிவீர்கள். அதைப்பற்றி நான் இங்கே பேச வரவில்லை. கதையைச் சொல்லாமல் விட்டவனுக்கு, கதை நடந்த இடத்தைப் பற்றிப் பேசுவது கடினமாகும் என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

நம் மண்ணையும் கடலையும் எவருமே படம் எடுக்கவில்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். எடுத்தவர் ஒருவர் உண்டு. ஆங்கிலேயரான மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க்குடன் வந்து நம் கடலில் மூழ்கியவர். போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956 இல் அவர்கள் கடலடியில் கண்டார்கள். அந்த வில்சன் 1962 இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை எடுத்தார். சிங்களத்தில் முதல் வண்ணப்படம் அது, காமினி பொன்சேகா நடித்தார், இசை அமரதேவா. நீருக்கடியிலான காட்சிகள் திருகோணமலைக் கடலில் எடுத்தவை. கதை புதையல் வேட்டைதான், பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நீலத்தைப் பாருங்கள், அது நம்முடைய நீலம். படக்காரர் பின்னாளில் என்ன ஆனார் தெரியுமா? சினிமாவை உதறிவிட்டுச் சந்நியாசம் வாங்கி, சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு கதிர்காமக் கந்தன் அடியாராக வாழ்ந்தார்.

இவ்வளவு படங்களிலும் நான் தேடிக் காணாத காட்சி ஒன்று இருக்கிறது. தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தி கேட்டு இராவணன் கன்னியாவில் நிற்கும் காட்சி. பத்துத் தலை வேண்டாம், கிரீடம் வேண்டாம். ஈர வேட்டியோடு, நெற்றியில் நீறோடு, வெந்நீர் முகந்து கடன் கழிக்கும் ஒரு மகன் போதும். நம்மில் எத்தனையோ பேர் தாய் தந்தையர்க்காக அதே கிணற்றடியில் நின்றவர்கள்தாம். அந்த முகம் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு கிணற்றின் சூடு மற்றதில் இல்லை. கையை விட்டுப் பார்த்தவனுக்குத்தான் அதை எப்படிப் படமாக்குவது என்பதும் தெரியும். இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கன்னியாவுக்குப் போக இவர்களுக்குப் பம்பாயிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, பஸ் இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் என் போன்றவர்களின் பேச்சைக் குறைத்து, அந்தப் பத்து நிமிஷப் படத்தைப் போடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். திரைச்சீலைக்கு வேண்டிய வெள்ளைத் துணியை நான் தருகிறேன்.

பண்ணிசைக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகிவிட்டார்கள்.