தரித்து நின்ற இரவு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் ரெலிபோனில் அழைத்து, "நீர் வைத்தியர்தானே, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுமன்" என்று கேட்டார். நூற்றாண்டு விழாவுக்கு வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு முன்னால் பயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் கடந்த பனிக்காலத்தில் எங்கள் குடும்பம் வட ஜப்பானில் போன ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்ல அனுமதி கேட்டேன். நடுவில் கொஞ்சம் வைத்தியமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், என் அம்மா. அம்மாவும் இந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிதான். இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஆகவே நான் கதையில் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

செண்டாய் நகரில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அங்கும் எங்கள் ஊரைப் போல வீதியின் இடப்பக்கத்தில்தான் ஓட வேண்டும். பனிக்காலத்துக்கென்று மென்மையான றப்பரில் செய்த ரயர் பூட்டியிருந்தார்கள். முன்பு இரும்பு ஆணி வைத்த ரயர்களைப் பாவித்தார்களாம். அந்த ஆணிகள் தாரைச் சுரண்டித் தூசியாக்க, ஊர் முழுவதும் அதைச் சுவாசித்தது. 1990இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். வடக்கே போகப் போகப் புதிய புதிய காட்சிகள். வீதியோரக் கம்பங்களில் நிலத்தை நோக்கியபடி அம்புக்குறிகள் தொங்கும். பனி மூடினால் வீதியின் கரை எங்கே என்று அவைதான் காட்டும். வீதிச் சமிக்ஞை விளக்குகள் கிடையாக இல்லாமல் மேலிருந்து கீழாக இருக்கும். கிடையாக வைத்தால் பனி குவிந்து பாரம் கூடிவிடும். நிறுத்தி வைத்த கார்களெல்லாம் வைப்பர்களைத் தூக்கியபடி, கை உயர்த்திய வகுப்புப் பிள்ளைகளைப் போல நின்றன.

நாங்கள் போக நினைத்த இடம் ஹொக்கைடோ தீவு. ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடக்கில் அவோமோரி நகரம் இருக்கிறது. அங்கிருந்து ட்சுகாரு நீரிணையைக் கடந்தால் அக்கரையில் ஹகோடாத்தே துறைமுகம். நீரிணைக்கு அடியில் 53.85 கிலோமீற்றர் நீளமான செய்கான் சுரங்கம் உண்டு. ஆனால் அதில் புகையிரதம் மட்டுந்தான் ஓடும். காரோடு போவதென்றால் கப்பலில் ஏற்ற வேண்டும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் எங்கள் 'பாதை' வாகனங்களை ஏற்றிப் போகுமே, அதே வேலைதான். கப்பல் பெரியது. ஏறக்குறைய மூன்றே முக்கால் மணித்தியாலம் எடுக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் மோரியோக்கா நகரிலிருந்து வெளிக்கிட்டோம். அவோமோரிக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர். அன்றிரவுக் கப்பலுக்கு இடம் பதிந்திருந்தோம். வழியில் பனி கொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதிவேகப் பாதையை மூடி எல்லா வாகனங்களையும் சாதாரண வீதிக்கு இறக்கிவிட்டார்கள். பொழுது பட்டது. காற்று எழும்பியது. விழும் பனி போதாதென்று, வயலில் கிடந்த பனியையும் காற்று அள்ளிக் கண்ணாடியில் அடித்தது. முன்னால் போன வாகனத்தின் சிவப்பு விளக்கு தெரியும், மறையும். பிறகு அதுவும் இல்லை. வானம் எது, வீதி எது என்று பிரித்தறிய முடியவில்லை.

கணவர் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் 100 கிலோமீற்றர்கூட இல்லை. மெதுவாப் போவம். கப்பலை விட்டால் அங்கை பதிஞ்ச ஹொட்டேல் காசும் போயிடும்" என்றேன். மணி அடித்த பிறகு வந்தால் வாசலில் நிற்க வேண்டிய பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். பிந்துவது எனக்குப் பிடிக்காது.

பின் இருக்கையிலிருந்து அம்மா சொன்னார்: "பிள்ளை, எங்கையாவது தரிச்சு நில்லுங்கோ. இண்டைக்கு வேண்டாம்."

"அம்மா, இது உங்கட காலம் இல்லை. நல்ல ரயர் இருக்கு, வழி காட்ட ஃபோன் இருக்கு" என்றேன்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "கிளாலியிலையும் எல்லாச் சனமும் மூட்டையோடை அவசரத்திலைதான் நிண்டது. காத்து எழும்பினால் ஓட்டி வெளிக்கிடமாட்டன் எண்டிட்டான். கரையிலை படுத்திட்டு அடுத்த நாள்தான் போனனாங்கள். நீயும் பக்கத்திலைதான் படுத்தனீ. மறந்திட்டாய் போலை."

நான் மறக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து "சரி" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவர்தான் ஒன்றும் பேசாமல், அடுத்து வந்த தரிப்பிடத்துக்குக் காரைத் திருப்பினார்.

அங்கே நெடுவீதிகளின் ஓரத்தில் 'மிச்சி நோ எக்கி' என்று தரிப்பிடங்கள் உண்டு. 'வீதி நிலையம்' என்று பொருள். வாகனம் நிறுத்தவும் மலசலகூடத்துக்குப் போகவும் 24 மணித்தியாலமும் திறந்திருக்கும். எங்களைப் போலப் பத்துப் பதினைந்து வாகனங்கள் ஏற்கெனவே அங்கே ஒதுங்கி நின்றன. பிஸ்கற்றும் தானியங்கி இயந்திரத்தில் வாங்கிய சூடான தேநீரும் இராச்சாப்பாடு. குளிருக்காக எஞ்சினை ஓட விட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு எல்லோரும் கண்ணயர்ந்தோம்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பனி அள்ளும் இயந்திரம் ஓட்டும் ஒரு வயதானவர். அவர் பேசியது எங்களுக்கு விளங்கவில்லை. கையைப் பிடிக்காத குறையாக என்னைக் காரின் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார். சைலன்சர் குழாய் பனிக்குள் அரைவாசிக்கு மேல் புதைந்திருந்தது. தன் சவளால் அதைச் சுற்றித் துப்புரவாக்கிவிட்டு, சாவியைத் திருப்புவதுபோல் கையால் காட்டி, "நிற்பாட்டு" என்று விளங்க வைத்தார்.

இங்கேதான் அந்த வைத்தியம் வருகிறது. சைலன்சர் அடைபட்டால் புகை காருக்குள் திரும்பும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் கூடுதலான பலத்தோடு அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலையிடிக்கும், நித்திரை வரும். நித்திரையானவர் எழும்பாமலே போகக்கூடும். பனி கொட்டும்போது நின்ற காரில் படுப்பதென்றால் எஞ்சினை நிற்பாட்டிக் கம்பளியால் போர்த்திக்கொள்ள வேண்டும். கட்டாயம் ஓட விடுவதென்றால் அடிக்கடி இறங்கிக் குழாயைச் சுற்றிய பனியை அகற்ற வேண்டும். குளிர்நாடுகளில் வாழும் தங்கைமார் இதைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள். இதையெல்லாம் மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவள் நான். அன்று என் சொந்தப் பிள்ளைகள் பின்னால் படுத்திருக்க, எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

காலையில் வானம் வெளித்தது. அவோமோரிக்குப் போகையில் வலப்பக்கத்தில் ஹக்கோடா மலைகள் வெள்ளையாகத் தெரிந்தன. மகள் ஃபோனில் தேடி வாசித்துக் காட்டினாள். 1902 ஜனவரியில் அவோமோரியிலிருந்து 210 இராணுவத்தினர் பனிக்காலப் பயிற்சிக்காக அந்த மலைக்குள் போனார்கள். போக வேண்டிய தூரம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர்தான். வழியில் காலநிலை மாறியபோது, திரும்பிவிடலாம் என்று ஓர் இராணுவ வைத்தியர் சொன்னதாகவும் அது எடுபடவில்லை என்றும் சொல்லப்படுகிறது. 199 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் ஹிரோசாக்கியிலிருந்து புறப்பட்டு அந்த மலைகளைக் கடந்த ஒரு சிறிய குழு, ஊரவர்களை வழிகாட்டிகளாகக் கூட்டிக்கொண்டு போய் உயிரோடு திரும்பியது.

அவோமோரித் துறைமுகத்தில் பழைய புகையிரதக் கப்பல் ஒன்றை நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். பெயர் ஹக்கோடா மாரு. சுரங்கம் வரும்வரை புகையிரதப் பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றித்தான் நீரிணையைக் கடந்தார்கள். 1954 செப்ரெம்பர் 26இல் தோயா மாரு என்ற கப்பல் புயலுக்காக ஹகோடாத்தேயில் காத்து நின்றது. பின்னேரம் காற்றுத் தணிந்தது. புயலின் கண் கடந்துவிட்டது என்று எண்ணிக் கப்பல் புறப்பட்டது. அது கண் இல்லை. காற்று முன்னையிலும் பலமாகத் திரும்பி வந்தது. அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிரவு இன்னும் நான்கு கப்பல்கள் அங்கே மூழ்கின. சுரங்கம் தோண்டும் திட்டம் தீவிரமடைந்தது அதன் பிறகுதான். அது 1988 மார்ச் 13இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டும்போது 34 பேர் உயிர்விட்டிருக்கிறார்கள்.

அன்று பிற்பகல் வேறொரு கப்பலில் இடம் கிடைத்தது. காரைக் கீழ்த்தட்டில் விட்டுவிட்டு மேலே போனோம். சப்பாத்தைக் கழற்றி வைத்து, கம்பளம் விரித்த பெரிய அறையில் எல்லோரும் வரிசையாகப் படுக்கலாம். லொறி ஓட்டிகள் குறட்டை விட்டார்கள். மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. மல்லாந்து படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். அம்மா அவனுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இருட்டும் நேரத்தில் ஹகோடாத்தேயின் விளக்குகள் தெரிந்தன.

நாங்கள் தவறவிட்ட அந்த முதற் கப்பலுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஹொட்டேல் காசு போனது போனதுதான். அன்றிரவு நாங்கள் தொடர்ந்து ஓடியிருந்தால் நாங்களும் சுகமாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்படியிருந்தும் அம்மா சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். கண் தெரியாத வீதியில் பிள்ளைகளோடு போகக்கூடாது என்பது அந்த நேரத்திலேயே தெரிந்த விஷயம். சரியா பிழையா என்று பார்க்க, பிறகு நடந்தது தேவையில்லை.

என் தொழில் மயக்கமருந்து கொடுப்பது. பல வருடங்களுக்கு முன், நான் புதிதாக வேலை தொடங்கிய காலத்தில், சத்திரசிகிச்சைக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளைக்குத் தடிமனும் இருமலும் இருந்தது. ஒத்திவைப்பது நல்லது என்று எனக்குத் தெரியும். மேலதிகாரி அவசரப்பட்டார். பட்டியலில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. முடிவில் பிள்ளையை எழுப்பும்போது குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோனது. பிள்ளை தப்பியது. ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அன்று "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் துணியாதவள் நான். இத்தனை வருடங்களின் பின், அதையே என் அம்மா சொன்னபோது கேட்க மறுத்தவளும் நான்தான்.

இப்போது என் பிரிவில் இளம் வைத்தியர்கள் யாராவது தயங்கித் தயங்கி வந்து, "இன்றைக்கு வேண்டாம் போலிருக்கிறது, மிஸ்" என்று சொன்னால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு என்ன காரணம் என்று கேட்கிறேன். சில வேளைகளில் அவர்கள் நினைத்தது பிழையாக இருக்கும். அப்போதும், வந்து சொன்னதற்கு நன்றி சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இந்த மண்டபத்தில் வைத்தியர்கள், சட்டத்தரணிகள், ஆசிரியைகள், தாய்மார் எல்லோரும் இருக்கிறீர்கள். தங்கைமாரே, உங்களுக்கு மேலே இருப்பவர் அவசரப்பட்டாலும் வாய் திறந்து சொல்லுங்கள். அக்காமாரே, பின் இருக்கையிலிருந்து யாராவது சொன்னால் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

அம்மா, அந்தக் காருக்குள் நான் உங்களுக்குச் "சரி" என்று சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் இன்று சொல்கிறேன்: நீங்கள் சொன்னது சரி.