டிப் கணக்கும் கண்காணிப்புக் கிணறும்



நிலத்தடி நீரியலில் என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னைத் தலைமைக்கு அழைத்ததற்கு நன்றி சொல்வதா, காரணம் கேட்பதா என்று நேற்றிரவு வரை யோசித்தேன். நன்றியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அழைப்பிதழில் தலைப்பு 'பெட்ரோல் நிலையங்களும் கடலோர நிலத்தடி நீரும்' என்று இருக்கிறது. பெட்ரோல் மிதக்கும், அதிலுள்ள பென்சீன் கரையும், கரைந்தது நீரோட்டத்தோடு நகரும் என்று இந்த அவைக்கு நான் பாடம் நடத்தினால் சிரிப்பீர்கள். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் கசிந்தால், நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பென்சீன் இன்னும் தூரம் போகும் என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. மாசு நீக்கும் முறைகளுக்குப் பிற்பகல் அமர்வு இருக்கிறது.

காரைக்காலின் மண்டபத்தூரில் நாம் கூடியதற்குக் காரணம் உண்டு. காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு. தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் எல்லை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அத்தனை பெட்ரோலும் புதைந்திருக்கும் இந்தக் கடற்கரை மணலில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. அடிபம்பில் வரும் நல்ல தண்ணீர் அதுதான். பெட்ரோல் கசிந்தால் அதுவும் அந்த அடுக்கின் தலையில்தான் போய் உட்காரும். ஆழமாகப் போர் போட்டுத் தப்பிக்கலாம் என்றால், கீழே உப்பு.

'டெல்டாக் களிமண் காப்பாற்றிவிடும்' என்ற கருத்து நம் கருத்தரங்குகளில் நெடுநாளாக மரியாதையோடு உலவி வருகிறது. அதை முன்வைத்த பெரியவர் இங்கே வந்திருக்கிறார். அவர் வரைந்த மண்ணடுக்குப் படங்கள் இல்லாமல் நான் வகுப்பெடுத்ததில்லை. ஆனால் ஐயா, அவை வயல்காட்டில் துளையிட்டு வரைந்தவை. களிமண்ணுக்கு நடுவே பழைய ஆற்றுப்படுகை மணல் ஓடுகிறது. கடலோரம் வந்தால் எல்லாமே மணல். போதாததற்கு, டேங்க் புதைக்கும் குழியையே மணல் போட்டுத்தான் நிரப்புகிறார்கள். களிமண் இருந்தாலும் அது டேங்க்கைச் சுற்றி இல்லை.

நம் கண்காணிப்புக் கிணறுகளுக்கு வருகிறேன். ஒப்பந்தக்காரர் பழக்கதோஷத்தில் குடிநீர் போர் போடுவதைப் போலவே போடுகிறார். மேலே கேசிங் பைப், நீர்மட்டத்துக்குக் கீழே ஃபில்டர் பைப். மிதக்கும் பெட்ரோல் உள்ளே வர வழியே இல்லை. பிறகு மாதிரி எடுக்கும் பருவம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, ரோடெல்லாம் காய்ந்து, போய்வர வசதியான ஜனவரியில் எடுக்கிறோம். அப்போது நீர்மட்டம் ஏறி, பெட்ரோல் படலம் மணலின் துளைகளுக்குள் சிக்கிக் கிடக்கும். கரைந்த பென்சீனும் மழைநீரில் நீர்த்திருக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போதுதான் அந்தப் படலம் கிணற்றில் தலைகாட்டும். ஜனவரி மாதிரியை வைத்து 'மாசு இல்லை' என்று அச்சாகியிருக்கும் கட்டுரைகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வாசிக்கப்போவதில்லை. எழுதியவர்களில் பலர் என் நண்பர்கள்.

ஆய்வகத்துக்குப் போனாலும் கதை முடிவதில்லை. காற்றில் பென்சீன் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று 2009-இல் வரம்பு வைத்தோம். பெட்ரோலிலேயே 1 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்கிறோம். குடிதண்ணீருக்கான ஐ.எஸ். 10500, 2012 பதிப்பில் மினரல் ஆயிலுக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று இருக்கிறது; பென்சீனுக்குத் தனி வரி இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மினரல் ஆயில் சோதனையில் தேறிய தண்ணீரில் பென்சீன் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அறிக்கையில் அது ஏறவே ஏறாது.

சரி, கசிவை யார் முதலில் அறிவார்கள்? பங்க்கில் காலை விற்பனை தொடங்குமுன் ஓர் ஊழியர் டிப் ராடைத் துடைத்து, அடி நுனியில் வாட்டர் பேஸ்ட் தடவி, மூடியைத் திறந்து டேங்க்கில் இறக்குகிறார். ஈரக்கோடு நிற்கும் இடம் சரக்கின் அளவு. பேஸ்ட் நிறம் மாறியிருந்தால் அடியில் தண்ணீர். இரண்டையும் நோட்டில் எழுதி, மீட்டர் காட்டும் விற்பனையோடு ஒத்துப்பார்க்கிறார். டேங்க்கின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குள் நிற்கும் ஊர் இது. ஓட்டை இருந்தால் மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும், கோடையில் பெட்ரோல் வெளியே போகும். ஒரே நோட்டில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரும் சித்திரை, வைகாசியில் சரக்குக் குறைவும் சேர்ந்து வந்தால், சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? நாம் அந்த நோட்டைக் கேட்பதே இல்லை. குறைவெல்லாம் 'ஆவியாதல்' என்ற கலத்தில் போய் அடங்கிவிடுகிறது.

டிப் கணக்கை ஆதாரமாக வைத்து நான் எழுதிய கட்டுரை ஒன்றை, 'கணக்குப்புத்தகம் அறிவியல் தரவு ஆகாது' என்ற குறிப்போடு ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டாளர் யாரென்று எனக்குத் தெரியாது, ஊகம் உண்டு. அவருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நாளைக்கு 2 லிட்டர் கசிவது எந்த முதலாளிக்கும் உறைக்காது. ஆண்டுக்கு அது 730 லிட்டர். அதில் பென்சீன் 1 விழுக்காடு என்றால் சுமார் 6.4 கிலோ. வழியில் சிதையாமல் முழுதும் தண்ணீரில் கலந்தால், 64 கோடி லிட்டரை உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புவரை கொண்டுபோய் நிறுத்தப் போதும். 165 லிட்டருக்கு மேல் கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. இந்த வேகத்தில் மூன்று மாதத்துக்குள் அந்த அளவு தாண்டிவிடும். தினம் தினம் கூட்டிப் பார்க்கும் நோட்டைத் தவிர அதை யார் சொல்வார்கள்?

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்ததை நம் கருவிகள் கண்டுபிடிக்கவில்லை, குடியிருந்தவர்கள்தான் சொன்னார்கள். பாரத் பெட்ரோலியத்தின் குழாய்க் கசிவு என்பது பிறகு வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் மின் நிலையக் கழிவெண்ணெய் கலந்ததா என்று நிபுணர்கள் முரண்பட்டு நின்றார்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிபுணர்கள் ஒத்துப்போகும்வரை கிணற்றுக்காரர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே நிறைவு அமர்வில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். ஃபில்டர் பைப் நீர்மட்டத்துக்கு மேலேயும் நீளாத கிணற்றின் முடிவை இந்தக் கருத்தரங்கின் தொகுப்பில் ஏற்கக்கூடாது. ஒரு பங்க்கைப் பற்றிய கட்டுரையில் அதன் மூன்றாண்டு டிப் கணக்கு இணைப்பாக இருக்க வேண்டும். தானியங்கி அளவிகள் வந்துவிட்ட இடங்களில் இது இன்னும் சுலபம். பதிவு கம்பெனி சர்வரில் கிடக்கிறது. எதிர்ப்பு வரும் என்று தெரியும், வரட்டும்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். மாதிரி எந்த மாதம் எடுத்தது, ஃபில்டர் பைப் எத்தனை அடியில் தொடங்குகிறது என்ற இரண்டையும் அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், கேள்வி நேரத்தில் நான் எழுந்திருக்க வேண்டியிராது.